ஆளுக்கு ஒரு டிஸ்க்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது வங்கிக்கும் மின்கட்டண ரசீதுக்கும் மட்டும் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் அரைநிமிஷம். எந்தக் கம்ப்யூட்டரைக் கொண்டுபோய் வைத்தாலும் “அரை நிமிஷம்” என்று சொல்லிவிட்டுத்தான் மூடியைக் கழற்றுவார். அந்த அரை நிமிஷம் சில சமயம் நான்கு நாள்வரை நீளும். ஆனால் திரும்பி வருகிற கம்ப்யூட்டர், போன கம்ப்யூட்டரைவிட வேகமாக இருக்கும். அதில் இதுவரை யாரும் குறை சொன்னதில்லை.

சாவி செய்கிறவருக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில், ஒரு மாடிப்படியின் அடிவயிற்றில் இருந்தது அவர் கடை. உள்ளே இரண்டு பேர் நிற்கலாம். மூன்றாவது ஆள் வருவதானால் மூச்சை வாசலில் விட்டுவிட்டு வரவேண்டும். மேலே யாராவது படி இறங்கினால் கீழே அவர் தலையில் சுண்ணாம்பு உதிரும். கழுத்தில் எப்போதும் ஒரு ஸ்டாப் வாட்ச். சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. ஒவ்வொரு கம்ப்யூட்டரும் கண் விழிக்க எடுத்துக்கொண்ட நேரத்தை அதில் ‘முன்’, ‘பின்’ என்று எழுதி வைப்பார். எடை குறைக்கும் நிலையங்களில் குண்டர் படமும் ஒல்லியர் படமும் மாட்டியிருப்பார்களே, அந்த மாதிரி.

வேகம் அவருக்குத் தொழில் மட்டுமல்ல, உடம்போடு பிறந்த ஒரு அரிப்பு. ஒரு டீயை இரண்டு டம்ளரில் பாதிப் பாதியாக வாங்கி மாறி மாறிக் குடிப்பார், சீக்கிரம் ஆறுமாம். லிஃப்ட்டுக்குக் காத்திருப்பவர்களை விட்டுவிட்டு மூன்று மாடி ஓடி ஏறி, மேலே நின்றுகொண்டு, லிஃப்ட்டிலிருந்து வெளியே வருகிறவர்களைக் கடிகாரத்தோடு வரவேற்பார். திருமணமும் இந்த அரிப்பில்தான் நடந்தது. ஒரு பள்ளி அலுவலகத்தில் பதினொரு நிமிஷத்தில் கண் விழித்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டரை ஒன்றரை நிமிஷத்தில் விழிக்கவைத்தார். அந்தப் பதினொரு நிமிஷத்தில் தினமும் ஒரு தொடர்கதை படித்துவந்த வருகைப் பதிவு எழுத்தர், “உங்களால என் கதை பாதியில நிக்குது” என்று சண்டைக்கு வந்தார். வந்தவர் இப்போது இவர் வீட்டில் மனைவியாக இருக்கிறார். கதை முடிந்ததா என்று அவர் இன்னும் கேட்டதில்லை.

இவ்வளவு அவசரக்காரர் ஒரு விஷயத்தில் மட்டும் சாமியார் மாதிரி பொறுமை காட்டுவார். யாருடைய ஃபைலும் அவர் கையில் தொலையக் கூடாது. வாசலுக்கு மேலே ஒரு போர்டு தொங்கியது: ‘இருபத்தொரு வருடங்களாக இங்கே ஒரு ஃபைலும் உயிர் விட்டதில்லை.’ வருடத்துக்கு ஒருமுறை எண்ணை மட்டும் மாற்றி ஒட்டுவார். அதிகாரிகள் மேசையில் பெயர்ப் பலகை வைத்துக்கொள்வதில்லையா, அதுபோல இவருக்கு அந்த வாக்கியம். அது பொய்யாகிவிட்டால் மறுநாள் எந்த முகத்தோடு ஷட்டரைத் தூக்குவது என்பதே அவருடைய ஒரே பயம்.

அந்தப் பயம் உண்மையாகிவிடும்போல ஒரு காலைப்பொழுது வந்தது. கொண்டுவந்தவர்கள் சொந்தக்காரர்கள். வேறு யார் கொண்டுவருவார்கள்?

அவருடைய அக்காவின் கணவரும் அவருடைய மனைவியின் அண்ணனும் கூட்டாக ஒரு பேனர் கடை நடத்தினார்கள். முன்னவரை அவர் அத்தான் என்பார், பின்னவரை மச்சான் என்பார். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம். இருவரும் அவருடைய கல்யாணச் சாப்பாட்டு வரிசையில் அறிமுகமாகி, இலை காய்வதற்குள் தொழில் பேசி, ஒரு மாதத்தில் கடை திறந்தவர்கள். அத்தான் கம்ப்யூட்டரில் போர்டு வரைவார். மச்சான் அச்சு இயந்திரத்தையும் வாடிக்கையாளரையும் ஓட்டுவார். ஒருவரையொருவர் ‘பார்ட்னர்’ என்று கூப்பிட்டுக்கொள்வார்கள். பதினொரு வருடம் அப்படி ஓடியது.

பேனர் ஃபைல் என்பது யானை. ஒரு பல் டாக்டர் போர்டைத் திறந்தால் திரையில் பல் ஒவ்வொன்றாக முளைக்கும். ஆறு நிமிஷம் ஆகும். இதைப் பார்த்துக்கொண்டு அரைநிமிஷத்தால் சும்மா இருக்க முடியவில்லை. ஒருநாள் இரண்டு புது டிஸ்க்குகளோடு வந்து இறங்கினார்.

“அத்தான், ஒரு பெரிய கடிதம்னு வெச்சுக்குங்க. முதல் வரி உங்க கையில, ரெண்டாவது வரி மச்சான் கையில, மூணாவது மறுபடி உங்க கையில. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல எழுதினா பாதி நேரம்தானே? படிக்கிறதும் அப்படித்தான். இந்த ரெண்டு டிஸ்க்கும் அந்த மாதிரி ஒவ்வொரு ஃபைலையும் துண்டு துண்டாப் பங்கு போட்டுக்கும்.”

“சரி சரி” என்றார் மச்சான்.

“ஆனா ஒண்ணு. ஒருத்தர் போயிட்டா இன்னொருத்தர் கையில இருக்கிற வரிகளை வெச்சு எதுவும் படிக்க முடியாது. மொத்தமும் போச்சு. அதனால இதோ மூணாவதா ஒரு டிஸ்க். வாரா வாரம் எல்லாத்தையும் இதுல காப்பி எடுத்து வெச்சுருங்க.”

“சரி சரி” என்றார் மச்சான் மறுபடியும். அத்தான் போனில் இருந்தார். போனில் இருந்தபடியே தலையாட்டினார். அது போனில் பேசியவருக்கு ஆட்டிய தலை என்பது பின்னால்தான் தெரிந்தது.

பல் டாக்டர் இப்போது இரண்டு நிமிஷத்துக்குள் முப்பத்திரண்டு பல்லோடும் சிரித்தார். வெள்ளைப் பலகையில் ‘முன் 6:05, பின் 1:50’ ஏறியது. அரைநிமிஷம் அதைப் போட்டோ எடுத்துவைத்துக்கொண்டார்.

அவர் கடிகாரத்தில் ஏறாத கணக்கு ஒன்று இருந்தது. முன்பெல்லாம் நாளுக்கு இருபது ஃபைல், ஒவ்வொன்றுக்கும் ஆறு நிமிஷம் காத்திருப்பு என்றால், இரண்டு மணி நேரம் அந்த இருவருக்கும் பேசுவதைத் தவிர வேறு வேலை கிடையாது. கோபம் வரும், பல் முளைப்பதற்குள் போய்விடும். அடுத்த ஃபைலுக்கு அடுத்த கோபம். இப்போது காத்திருப்பு இல்லை. கூட்டம் இரட்டிப்பானது. பேச்சு “அனுப்பு”, “அடி”, “ஆச்சா” என்று மூன்று வார்த்தைக்கு இறங்கியது. ஒரு தையல்காரர் போனில் கேட்டார் என்று மச்சான் அவருடைய போர்டின் வெளிர் நீலத்தைக் கருநீலமாக்கி அச்சடித்தார். பார்ட்னரிடம் சொல்ல நேரமில்லை. அத்தான் அதைத் தெருவில் நிமிர்ந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

“என் நீலத்தை யாரைக் கேட்டு மாத்தினீங்க?”

“உங்க நீலமா? வானத்தையும் நீங்கதான் வரைஞ்சீங்களோ?”

அன்றோடு ‘பார்ட்னர்’ போய் ‘சார்’ வந்தது. ‘சார்’ வந்துவிட்டால் அப்புறம் பாகப்பிரிவினைதான். நாற்காலி, ஏணி, மேசை எல்லாம் பிரிந்தன. அச்சு இயந்திரம் மச்சானுக்கு. பெரிய மானிட்டர், ஸ்கேனர், வெட்டும் கருவி அத்தானுக்கு. மின்விசிறிக்கு மட்டும் அரை மணி நேரச் சண்டை. கடைசியாகக் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே, எடுத்துக்கொள் என்பதுபோல, ஒரே அளவில் ஒரே நிறத்தில் இரண்டு டிஸ்க்குகள்.

“ஆளுக்கு ஒண்ணு” என்றார் அத்தான்.

“ஆளுக்கு ஒண்ணு” என்றார் மச்சான்.

அந்தப் பட்டியல் முழுவதிலும் இருவரும் ஒரே குரலில் ஒப்புக்கொண்டது அது ஒன்றைத்தான். காலிப் பெட்டியை எடைக்குப் போட்டுவிட்டார்கள்.

மறுநாள் காலை மச்சான் முதலில் வந்தார். கையில் டிஸ்க், டவலில் சுற்றி.

“மாப்ளே, உங்க அக்கா புருஷன் செஞ்ச வேலையைப் பாத்தீங்களா? எல்லாத்தையும் அழிச்சிட்டுக் காலி டிஸ்க்கை என் தலையில கட்டியிருக்காரு. வீட்டுக் கம்ப்யூட்டர்ல மாட்டினா ‘இது காலி, தயார் பண்ணவா’ன்னு கேக்குது.”

அரைநிமிஷம் வாய் திறப்பதற்குள் அத்தானும் அக்காவும் வந்து நின்றார்கள். அத்தான் கையில் இன்னொரு டிஸ்க், பிளாஸ்டிக் சாப்பாட்டு டப்பாவுக்குள்.

“தம்பி, உன் மச்சான் யோக்கியதையைப் பாரு. வெறும் டிஸ்க்கைக் குடுத்து ஏமாத்திட்டாரு. இதுவும் ‘தயார் பண்ணவா’ன்னு கேட்டுச்சு. சரின்னு தட்டப் போனேன், உங்க அக்கா ஒயரையே பிடுங்கிட்டா.”

“முன்னப்பின்ன தெரியாதது ஒண்ணு கேள்வி கேட்டா எடுத்தவுடனே சரின்னு சொல்ற ஆளு இவரு. அதான் பிடுங்கினேன்” என்றார் அக்கா.

அரைநிமிஷம் ஸ்டூலில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. பக்கத்துக் கடைச் சாவிக்காரர் அரம் போடுவதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

“ரெண்டையும் கழட்டிட்டீங்களா? யாரும் ‘சரி’ய அமுக்கலையே?”

“நான் அமுக்கல. சண்டை போட இங்க ஓடி வந்துட்டேன்” என்றார் மச்சான். அவர் வாழ்க்கையில் ‘சரி’ சொல்லாமல் விட்டது அந்த ஒருமுறைதான்.

“ரெண்டும் காலி இல்ல. ரெண்டுலயும் எல்லா ஃபைலும் இருக்கு, அரையும் குறையுமா. ஒருத்தர்கிட்ட ஒத்தை வரி, இன்னொருத்தர்கிட்ட ரெட்டை வரி. தனியா மாட்டினா கம்ப்யூட்டருக்கு ஒரு எழவும் புரியாது, காலின்னுதான் சொல்லும். அன்னைக்கே சொன்னேனே!”

“எப்போ சொன்னே?” என்றார் அத்தான், மனப்பூர்வமாக.

“மூணாவதா ஒண்ணு குடுத்தேனே, காப்பி எடுக்கச் சொல்லி?”

“அதுவா? அது பத்திரமா இருக்கு. பெட்டியக்கூடப் பிரிக்கல. தூசி படக் கூடாதுன்னு சொன்னது நீதானே.”

அரைநிமிஷத்தின் கண் மெல்ல மேலே ஏறி, வாசல் போர்டில் போய் நின்றது. பதினொரு வருடத்துப் போர்டுகள்: பல் டாக்டர்கள், துணிக்கடைகள், பள்ளிகள், ஒரு முழு ஆஸ்பத்திரியின் அம்புக்குறிகள். போனால் எல்லாம் ஒரே நாளில் போகும். பிரித்தது இவர்கள்தான், ஆனால் பிரித்தால் செத்துப்போகிற மாதிரி கட்டிக்கொடுத்தது யார்? தெருவில் அவர்கள் பெயரா அடிபடும்?

இரண்டு டிஸ்க்குகளையும் வாங்கித் தன் கம்ப்யூட்டரில் மாட்டினார். எழுத முடியாதபடி, படிக்க மட்டும் முடிகிறபடி பூட்டிவிட்டுக் கேட்டார்:

“பழைய பெட்டியில எது மேல இருந்துச்சு? எது முதல், எது ரெண்டாவதுன்னு இதுக்குச் சொல்லணும். மாத்திச் சொன்னா ஒண்ணும் திறக்காது.”

“என்னதுதான் மேல” என்றார் மச்சான்.

“எப்படி? வயசுல மூத்தவன் நான்” என்றார் அத்தான்.

“கடை வைக்கலாம்னு யோசனை சொன்னது யாரு சார்?”

“அந்த யோசனை வந்தப்போ நீங்க சாப்பிட்டுட்டு இருந்தது என் பக்கத்து இலை சார்!”

டிஸ்க்கின் மேலே அவர் அன்றைக்கே எண் எழுதி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார். அந்த ஸ்டிக்கரை இருவரும் சுரண்டி எடுத்துவிட்டுத் தங்கள் பெயரை எழுதி ஒட்டியிருந்தார்கள். பெரிய எழுத்தில். தொழில்காரர்கள் அல்லவா, நிழல் விழுகிற மாதிரி நல்ல டிசைன்.

அரைநிமிஷம் திரையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டார். ஒரு வரிசையில் போட்டுப் பார்த்தார், ஒன்றுமில்லை. மாற்றிப் போட்டார். திரையில் பட்டியல் இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. நாற்பத்து மூவாயிரத்துச் சொச்சம் ஃபைல். முதலாவது யாருடைய டிஸ்க் என்பதை அவர் அன்று சொல்லவில்லை. மனைவிக்குக்கூடச் சொல்லவில்லை.

“எல்லாம் இருக்கு. இப்பவே ரெண்டு புது டிஸ்க்ல முழுசு முழுசாக் காப்பி போட்டுத் தரேன். ஆளுக்கு ஒண்ணு. நாலு மணி நேரம்.”

“நான் இங்கேயே உக்காந்துக்கறேன். என் டிஸ்க்கை விட்டுட்டுப் போக மாட்டேன்” என்றார் மச்சான். அத்தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த அறையில் பக்கத்தில் உட்காருவது என்றால் முழங்காலோடு முழங்கால்.

அக்கா தம்பியின் சட்டைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். செருப்புக் கடை ஓரத்தில் இன்னொருவரும் நின்றார்; பள்ளியிலிருந்து அரை நாள் விடுப்பில் வந்திருந்த அரைநிமிஷத்தின் மனைவி. அக்கா போன் போட்டிருக்கிறார் என்று புரிந்தது.

“டேய், ஆளுக்கு ஒரு முழு காப்பி குடுத்தா என்ன ஆகும்?” என்றார் அக்கா.

“எல்லா ஃபைலும் பிழைக்கும்.”

“கடை சாகும்டா. இப்ப பாதிப் பாதி வெச்சுக்கிட்டு ஒருத்தர் இல்லாம இன்னொருத்தர் நகர முடியாது. முழுசாக் கையில வந்துட்டா ரெண்டு பேரும் ரெண்டு திசையில போயிருவாங்க. அப்புறம் எங்க வீட்டு நல்லது கெட்டதுக்கு உன் மச்சான் வீட்டுல இருந்து யாரு வருவாங்க?”

மனைவி நேராக விஷயத்துக்கு வந்தார். “ஏங்க, காப்பி எடுக்க முடியலன்னு சொல்லிருங்க. ரெண்டும் ஒரே பெட்டியில சேந்து இருந்தாத்தான் உயிரோட இருக்கும்னு சொல்லிருங்க.”

“அது டவல்லயும் டப்பாவுலயும் குலுங்கி வந்த டிஸ்க்மா. நாளைக்கே ஒண்ணு புட்டுக்கிட்டா மொத்தமும் என் கையில போகும். அந்த போர்டை நான் என்ன செய்யிறது?”

“போர்டை எங்க அண்ணனே அடிச்சுக் குடுத்தாரு. வேற அடிச்சுக் குடுப்பாரு.”

“பொய் சொல்ல மாட்டேன்.”

“சரி, பொய் வேண்டாம்” என்று அக்கா ஒரு படி இறங்கினார். “மெதுவாப் பண்ணுவியா? ஒரு மூணு நாள் இழு. ரெண்டு பேரும் ஒரே இடத்துல உக்காந்திருந்தாப் பேசிடுவாங்க. நீ அதை வேகமாக்கினதுல இருந்துதான் எல்லாம் கெட்டுச்சு.”

மெதுவாக! இருபத்தொரு வருடத்தில் அவரிடம் இதை யாரும் கேட்டதில்லை. ‘எச்சில் துப்பிக் கொடு’ என்று சமையல்காரரிடம் கேட்பதுபோல இருந்தது. ஆனால் ஒரு பக்கம் அக்கா, ஒரு பக்கம் மனைவி, நடுவில் போர்டு. உள்ளே போய், அடித்தட்டில் கிடந்த, அருங்காட்சியகத்தில் இருக்கவேண்டிய ஒரு ஒயரைத் தேடி எடுத்தார். அதன் வழியே ஃபைல் போவதைவிட நடத்திக் கூட்டிக்கொண்டு போகலாம். மாட்டினார். திரை சொன்னது: ‘மீதி நேரம்: 2 நாள் 19 மணி.’

“நாலு மணி நேரம்னு சொன்னே?” என்றார் அத்தான்.

“பாத்து பத்திரமாப் பண்றேன் அத்தான்” என்றார் அவர். வார்த்தைக்கு வார்த்தை உண்மை. சொல்லும்போது நாக்கு மட்டும் கொஞ்சம் தடித்தது.

அந்த முதல் நாளை அவர் எப்படிக் கடந்தார் என்பதுதான் ஆச்சரியம். பச்சைக் கோடு நகர்கிறதா என்று தெரிய, திரையில் பேனாவால் ஒரு புள்ளி வைத்துப் பார்த்தார். மதியம் வரை கோடு புள்ளியைத் தாண்டவில்லை. ஸ்டாப் வாட்ச்சைக் கழற்றி மேசை இழுப்பறையில் போட்டு மூடினார், பார்க்கப் பொறுக்கவில்லை.

பேசிடுவாங்க என்று அக்கா சொன்னது பலித்தது. பேசினார்கள். முதலில் நடுவில் ஆள் வைத்துப் பேசினார்கள்.

“மாப்ளே, சாரைக் கொஞ்சம் காலை மடக்கச் சொல்லுங்க.”

“தம்பி, காலை மடக்கினா அப்புறம் கைதான் நீளும்னு சாருக்குச் சொல்லு.”

பிறகு நேரடியாகவே பேசினார்கள். நீல போர்டில் ஆரம்பித்து, அதற்கு முந்தைய வருடத்து ஏணிக்குப் போய், அதற்கும் முன்னால் திறப்பு நாளில் ரிப்பன் வெட்டிய கத்தரிக்கோலை யார் பிடித்தார்கள் என்பதுவரை வந்து சேர்ந்தார்கள். பதினொரு வருடமாக ஆறு ஆறு நிமிஷமாக மூடி வைத்ததையெல்லாம் ஒரே நாளில் வெளியே எடுத்துக் கடை பரப்பினார்கள். பேசினால் தீர்ந்துவிடும் என்பது பெண்களின் கணக்கு. இது பேசப் பேச வளர்ந்தது. மாலை ஆறு மணிக்கு ஷட்டரை இறக்கியபோது இருவரும் ஆளுக்கு ஒரு பூட்டுப் போட்டார்கள். அரைநிமிஷத்தின் பூட்டையும் சேர்த்தால் மூன்று. கடை உள்ளே ஒரு ராஜாவை அடைத்து வைத்தமாதிரி இருந்தது.

இரண்டாம் நாள் காலை பதினொரு மணி. ‘முப்பத்தெட்டு சதவீதம்’ என்றது திரை. அக்கா இருவருக்கும் சாப்பாட்டு டப்பா கொண்டுவந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். அத்தான், கத்தரிக்கோல் விஷயத்தில் இரண்டாம் சுற்று ஆரம்பிக்க வாய் திறந்தார். அப்போது கேட்டது அந்தச் சத்தம்.

டிக்.

கொஞ்சம் இடைவெளி. டிக்... டிக்.

நாக்கால் மேல்வாயைத் தட்டி “ச்சு” கொட்டுவதுபோன்ற சின்னச் சத்தம்தான். அரைநிமிஷம் திரையை விட்டுவிட்டு டிஸ்க்குகள் பக்கம் திரும்பினார்.

“என்னடா அது?” என்றார் அக்கா.

“டிஸ்க். ஒண்ணு போகப் போகுது.”

“என்னது இல்ல” என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில். உடனே குனிந்து, ஆளுக்கொரு டிஸ்க்கில் காதை வைத்தார்கள். திருப்தி இல்லாமல் இடம் மாறி அடுத்தவர் டிஸ்க்கில் காதை வைத்தார்கள். சாவிக்காரர் மட்டும் பார்த்திருந்தால் இரண்டு டாக்டர்கள் ஒரு நோயாளிக்கு அடித்துக்கொள்வதாக நினைத்திருப்பார்.

“உங்கதுதான் சார் டிக்கு” என்றார் அத்தான்.

“உக்காந்து உக்காந்து உங்க முழங்கால் சத்தம் சார் அது” என்றார் மச்சான். ஆனால் குரலில் தெம்பு இல்லை. அவருடையதுதான்.

இந்த ஒயரில் இன்னும் ஒன்றரை நாள். அந்த டிஸ்க் ஒன்றரை மணி நேரம் தாங்கினால் பெரிது. அரைநிமிஷத்தின் கை வேகமான ஒயர் மாட்டியிருந்த ஆணிப் பக்கம் போனது. வாசலில் அக்கா கண்ணை உருட்டி, தலையை இடமும் வலமும் ஆட்டினார். ‘தொடாதே’ என்று அர்த்தம். அவர் அக்காவைப் பார்த்தார். அக்காவுக்கு மேலே தொங்கிய போர்டின் முதுகைப் பார்த்தார். டிக், என்றது டிஸ்க்.

“மன்னிச்சுக்கோக்கா” என்று சொல்லிப் பழைய ஒயரைப் பிடுங்கினார். புது ஒயரைச் செருகி, விட்ட இடத்திலிருந்து ஓடவிட்டார். பச்சைக் கோடு தாவியது. ‘மீதி நேரம்: 2 மணி’, ‘1 மணி 20 நிமிடம்’, ‘58 நிமிடம்’ என்று எண்கள் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு இறங்கின.

அத்தான் முட்டாள் இல்லை. புது ஒயரைப் பார்த்தார், ஆணியைப் பார்த்தார்.

“இந்த ஒயர் நேத்தே இங்கதானே தொங்கிட்டிருந்துச்சு?”

“ஆமா.”

“அப்போ ரெண்டு நாளா எங்களை எதுக்கு உக்கார வெச்சே?”

“நான்தான் சொன்னேன்” என்றார் அக்கா வாசலிலிருந்து. “பேசி முடிச்சிருவீங்கன்னு நெனச்சேன். கத்தரிக்கோல் வரைக்கும் போவீங்கன்னு யாருக்குத் தெரியும்?”

வேறு நேரமாக இருந்தால் இதற்கு ஒரு பெரிய சண்டை பாக்கி இருந்தது. ஆனால் டிக் சத்தம் அடுத்தடுத்து வர ஆரம்பித்துவிட்டது. நான்கு பேரும் பச்சைக் கோட்டையே பார்த்தார்கள். மேலே யாரோ படியில் தடதடவென்று இறங்க, “மெதுவாப் போங்கய்யா, உள்ள சீரியஸ்!” என்று மச்சான் கத்தினார். இறங்கியவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி போனார். சாவிக்காரர் அரத்தைக் கீழே வைத்துவிட்டார். தொண்ணூறு. தொண்ணூற்று நான்கு. ஒரு இடத்தில் கோடு நின்றது. அத்தான் தன்னை அறியாமல் மச்சானின் முழங்காலைப் பிடித்துக்கொண்டார். மச்சானும் அதை எடுத்துவிடவில்லை. நகர்ந்தது. தொண்ணூற்று ஒன்பது. முடிந்தது.

அரைநிமிஷம் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார். ஒவ்வொன்றையும் பழையதோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லிக் கம்ப்யூட்டரையும் ஓட்டினார். நாற்பத்து மூவாயிரத்து நூற்று அறுபத்தேழு. ஒன்றுகூடக் குறையவில்லை. கடைசி எண்ணைச் சரிபார்த்துப் பத்து நிமிஷத்துக்கெல்லாம் மச்சானுடைய டிஸ்க் நான்கு முறை டிக்கிவிட்டுச் சுழல்வதை நிறுத்தியது. மச்சான் டவலை எடுத்து அதை மூடினார்.

பழைய ஒயரைப் பற்றி இனிமேல் யாரும் பேசப் போவதில்லை என்று அரைநிமிஷம் தைரியமாக நம்பினார். புது டிஸ்க்குகள் இரண்டையும் இருவர் கையிலும் கொடுத்தார்.

“இதுல எல்லாமே இருக்கா?” என்றார் அத்தான்.

“எல்லாமே.”

“நான் வரைஞ்ச ஒவ்வொண்ணும்?”

“ஒவ்வொண்ணும்.”

“அவர் கையில இருக்கிறதுலயும்?”

“அதுலயும்.”

அத்தானின் கண்கள் மச்சானின் டிஸ்க்கின்மேல் போய் ஒட்டிக்கொண்டன.

“அப்போ இவரு தனியாக் கடை போட்டு என் பல் டாக்டரை எடுத்து எவனுக்கு வேணும்னாலும் அடிச்சுக் குடுக்கலாம்.”

“நான் சேத்துவெச்ச வாடிக்கையாளர் போன் நம்பர் மொத்தமும் உங்க டிஸ்க்லயும்தானே சார் இருக்கு?” என்றார் மச்சான். “நாளைக்கே என் ஆளுங்களுக்கெல்லாம் போன் போட்டா நான் என்ன பண்றது?”

“உங்களைத் தனியா விட்டா என் நீலத்தை எல்லாம் கறுப்பாக்கிடுவீங்க.”

“உங்களைத் தனியா விட்டா என் தையல்காரரை மாசத்துக்கு மூணு போர்டு வெக்கச் சொல்லிக் கொல்லுவீங்க.”

இருவரும் ஒருவரையொருவர் முறைத்துப் பார்த்தார்கள். அன்பு என்று அதற்குப் பெயர் வைக்க எனக்குத் தைரியமில்லை. இவனைக் கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் வைத்திருப்பதுதான் புத்தி என்று இரண்டு புத்திசாலிகள் ஒரே சமயத்தில் கண்டுபிடித்த முகம் அது. அரை மணி நேரத்தில் இரண்டு பேரும் ஒரே ஆட்டோவில் ஏறிக் கடையைத் திறக்கப் போனார்கள். ஒருவரை முன்னால் போகவிட இன்னொருவருக்கு மனம் வரவில்லை. பிரித்த நாற்காலியும் ஏணியும் மாலைக்குள் திரும்பி வந்தன. பேச்சுவாக்கில் ஒரு ‘பார்ட்னர்’ கூட வழுக்கி விழுந்ததாகத் தகவல்.

“பாத்தியா, எல்லாம் நான் சொன்ன மாதிரியே ஆச்சு” என்றார் அக்கா. அவர் சொன்னதற்கு நேர் எதிராகத்தான் எல்லாம் ஆனது. அரைநிமிஷம் ‘ஆமாக்கா’ என்றார். போர்டு பிழைத்த மகிழ்ச்சியில் அவர் அன்று எதற்கும் ஆமாம் சொல்லியிருப்பார்.

மறுநாள் புதுக் கம்ப்யூட்டர் பெட்டியோடு பேனர் கடைக்குப் போனார். இந்த முறை வரிவரியாகப் பங்கு கிடையாது. இரண்டு டிஸ்க்கிலும் ஒரே விஷயம், அச்சு அசலாக. ஒன்று போனால் இன்னொன்று முழுசாக நிற்கும்.

“வேகம்?” என்றார் அத்தான்.

“முன்ன மாதிரி இருக்காது. பல் டாக்டர் நாலு நிமிஷம் ஆகும்.” அந்த வாக்கியத்தைச் சொல்லி முடிக்க அவருக்குத் தண்ணீர் தேவைப்பட்டது.

“வேகம் கிடக்கட்டும். முதல்ல எதுல எழுதும்? என்னதுலதானே?” என்றார் மச்சான்.

“ரெண்டுலயும் ஒரே நேரத்துல எழுதும்.”

“அது எப்படி எங்களுக்குத் தெரியும்?”

பெட்டியின் முன்பக்கம் இரண்டு சின்னப் பச்சை விளக்குகள் இருந்தன. ஒரு டிஸ்க்குக்கு ஒன்று. எழுதும்போது சிமிட்டும் என்று காட்டினார். அத்தான் ஒரு ஃபைலைச் சேமிக்கத் தட்டிவிட்டு ஓடி வந்து பெட்டியின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். மச்சான் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தாண்டிய இரண்டு பேரும் கன்னத்தோடு கன்னம் இடிக்க, இமைக்காமல், எந்த விளக்கு முந்துகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கவுண்ட்டரில் அந்தத் தையல்காரர், நீல விஷயமாக ஒரு கேள்வி கேட்டுவிட்டு, பதிலுக்காக வெகு நேரமாக நின்றுகொண்டிருந்தார்.